மாத்திரை போடாத கல்யாணம்

நான் வேலை பார்க்கும் ஜெர்மன் அலுவலகத்தில், கொட்டும் பனிக்காலத்தில், ஒரு கூட்டத்தின் நடுவே என்னோடு வேலை பார்க்கும் உல்ரிகே எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து வைத்தாள். “வெக்செல்யாரே” என்றாள். மாதவிடாய் நிற்கப்போகும் வருடங்களுக்கு அங்கே அதுதான் பெயர். உடம்பு திடீரென்று கொதிக்கும். ஆண்கள் பேசாமல் கோட்டை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். நான் ஒருத்திதான் மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் “உடம்பு சரியில்லை” என்று ஒரே பெயர், ஜுரத்துக்கும் அதேதான். ஆனால் கேட்காமலே சுக்குக் காபி வந்துவிடும். உல்ரிகேவுக்கு ஜன்னல் இருக்கிறது, காபி போட்டுக் கொடுக்க ஆளில்லை. எது மேல் என்று என்னைக் கேட்காதீர்கள்.

போன வருடம் தங்கை செல்வியின் மகளுக்கு வடபழனியில் கல்யாணம். டிக்கெட் போட்ட கையோடு நான் செய்த முதல் காரியம், நாள் தள்ளிப்போகும் மாத்திரைக்காக டாக்டரிடம் போனது. சென்னையில் இருந்தவரை இதற்கு டாக்டரெல்லாம் கிடையாது. மருந்துக் கடைக்காரர், “எத்தினி நாளைக்கு வோணும்மா? கோயிலா, கல்யாணமா?” என்று கேட்டுக் காகிதத்தில் சுற்றித் தருவார். ஜெர்மன் டாக்டரம்மாவோ, நீச்சலுக்கா என்று கேட்டார். கல்யாணச் சடங்குக்கு என்றேன்.

“வாசலில் யார் சோதிப்பார்கள்?”

“யாரும் சோதிக்க மாட்டார்கள்.”

“அப்படியானால் யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியுமே.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் வீட்டு விஷயத்தை நாங்கள் திட்டிக்கொள்ளலாம், இவர் ஏன் பரிதாபப்பட வேண்டும்? ஆனால் காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் எழுதிக் கொடுத்தார். செல்விக்கு உண்டு; அதையும் சொன்னேன், எனக்கு அப்படி எதுவும் வந்ததில்லை என்பதால் சில நாட்களுக்கு மட்டும் கொடுத்தார். பிரசவத்துக்குப் பின் அவளுக்குக் காலில் ரத்தம் உறைந்து, பிழைத்ததே பெரிய பாடு. ஹார்மோன் மாத்திரை எதையும் கேட்காமல் தொடாதே என்று அன்றே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

செல்வி வாழ்க்கைப்பட்டது தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்தில். நானும் என் கணவரும் போய் இறங்கியபோது அவளுடைய நாத்தனார் சண்முகத்தாய், கைப்பையில் மாத்திரை அட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

“ஒண்ணைப் போட்டுக்கிட்டா நிம்மதியா தாரை வார்க்கலாம்ல, செல்வி.”

“வேண்டாம் மதினி. எனக்கு ரெண்டு மாசம் வராது, அப்புறம் தொடர்ந்து வரும். எந்தத் தேதியைத் தள்ளிப்போடறது? வந்தா வரட்டும்.”

வந்துவிட்டது. முகூர்த்தத்தன்று காலை, மணப்பெண் அறையில், செல்வி சந்தன நிறப் பட்டுப் புடவையைக் கட்டப்போகும் நேரத்தில். செல்வி மறைக்கவில்லை. “வந்துடுச்சு” என்றாள், பால் பொங்கிவிட்டது என்பதைப்போல. சண்முகத்தாய் என்னைப் பார்த்தார். “பெரியம்மாவும் பெரியப்பாவும் நின்னு தாரை வார்க்கட்டுமே. முறைதானே?”

மாத்திரை போட்டிருந்த நான் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் தங்கையின் இடத்தில் போய் நிற்க எனக்கு மனசில்லை. மாட்டேன் என்றேன். செல்வி குரலை உயர்த்தவே இல்லை.

“இவளைப் பெத்துத்தான் மதினி என் கால்ல ரத்தம் கட்டிச்சு. செத்துப் பிழைச்சேன். பெத்த உடம்பு இதுதான். நான்தான் நிப்பேன்.”

சண்முகத்தாய் எழுந்து வெளியே போனார். ஆட்களைக் கூட்டி வரப்போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் அவருடைய அரக்குப் பட்டு இருந்தது.

“சந்தனக் கலரு வேண்டாம். கறை பட்டா தெரியும். இதைக் கட்டிக்கோ.”

அரக்குப் பட்டில் செல்வி நின்று, மகளின் கைமேல் நீர் வார்த்தாள். கூட்டத்தில் பின்னால் நின்று நான் அழுதேன். இந்த ஊரை விட்டு ஒருநாளும் போகாதவள் என் தங்கை என்று அத்தனை பேரிடமும் சொல்ல வேண்டும்போல் பெருமையாக இருந்தது.

பந்தி நடக்கும்போது சண்முகத்தாய் என்னை மாடிப்படிப் பக்கம் அழைத்துப்போனார்.

“சுமதி, எனக்கு மூணு மாசமா சரியா நிக்கவே மாட்டேங்கு. விசேஷம் வந்தா இந்த மாத்திரையைப் போட்டு நிப்பாட்டிக்கிடுதேன். யார்ட்டயும் சொல்லல. வயசுக்கு உள்ளதுதானா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அதை டாக்டர்தான் சொல்லணும். அப்படியே விடக் கூடாது” என்றேன். பின்னாலேயே வந்திருந்த செல்வி, “நாளைக்கே போலாம் மதினி, நானும் வரேன்” என்றாள்.

மறுநாள் அடையாறில் டாக்டர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்திருக்கிறதா, கட்டி ஏதும் உண்டா என்று பார்க்க வேண்டும்; அதுவரை இஷ்டத்துக்கு மாத்திரை போடக் கூடாது என்றார். ஸ்கேனுக்கு அடுத்த வாரம் வரச் சொன்னார்.

“அன்னைக்கு நீ இருக்க மாட்டியோ?” வெளியே வந்ததும் சண்முகத்தாய் கேட்டார்.

“செல்வி இருப்பா” என்றேன்.

ஆட்டோவில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்து, நடுவில் எனக்கு இடம் விட்டார்கள். அடுத்த வாரம் அந்த இடத்தில் ஸ்கேன் படத்தின் கவர் இருக்கும்.