வாலில் கட்டிய விளக்கு

“டேய், அங்க எங்கடா திரும்பற? குப்பைக்குப் போற ரூட்டுடா அது!”

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல், உயிரணுக்களை அதட்டிக்கொண்டிருக்கிறார் டிப்போ அக்கா. ஆய்வகம் வைத்த பெயர் அது. பேருந்து நிலையத்தில் விசில் ஊத வேண்டியவர், கை தவறி முனைவர் பட்டம் வாங்கிவிட்டார் என்பது அங்கே எல்லோருடைய கருத்து.

அவர் வளர்ப்பவை கறுக்க வேண்டிய அணுக்கள்; ஆனால் வெளிறிக் கிடந்தன. நிறம் காய்ச்சும் புரதம் அவற்றில் இல்லை. அதைச் செய்யும் மரபணுக் குறிப்பை அக்கா உள்ளே புகுத்திவிட்டார். ஆனால் அணுவுக்குள் புரதம் தயாராகும் இடம் ஒன்று, நிறம் காய்ச்சும் பை வேறொன்று. அணுவுக்குள் சுமந்துபோகும் வண்டிகள், புரதத்திலேயே இருக்கும் விலாசத்தைப் படித்து, சரியான பையில் இறக்க வேண்டும். பயணத்தைப் பார்ப்பதற்காகப் புரதத்தோடு பச்சையாய் ஒளிரும் துண்டு ஒன்றையும் ஒட்டியிருந்தார். பச்சை வெளிச்சமெல்லாம் வரிசை கட்டிப் போய் அணுவின் குப்பைப் பையில் விழுந்தது.

“வண்டிக்காரனுங்க சரியில்ல மேடம். அத்தனையும் தூங்குமூஞ்சி!” என்று தலைமை ஆய்வாளரிடம் புகார் சொன்னார்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள கறுக்கலன்னா அந்த வளர்ப்புத் தட்டையெல்லாம் கொட்டிடும்மா. எனக்கு இடம் வேணும்.”

அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. என்னதான் திட்டினாலும் தாம் ஊட்டி வளர்த்தவை அல்லவா?

வீட்டுக்குப் போய், சோற்றுத் தட்டில் விரலால் புரதத்தைப் படம் போட்டுக் கணவரிடம் நியாயம் கேட்டார். “இது தலை, இது வால். அட்ரஸ் வாலுல இருக்கு. படிச்சா என்ன, கொறைஞ்சா போயிடுவானுங்க?”

சாப்பிடும்போது ஏதாவது கேட்டுவைக்க வேண்டுமே என்று, “பச்சை விளக்கை எங்க மாட்டின?” என்றார் கணவர்.

“வாலுலதான்...” திறந்த வாய் மூடவில்லை. “ஐயையோ, அட்ரஸ் மேலயே ஒட்டிட்டேனேங்க! அதுங்களை என்னென்ன பேச்சுப் பேசினேன்!”

அதே குறிப்பின் விளக்கு ஒட்டாத பிரதி ஒன்று ஆய்வக உறைபெட்டியில் கிடந்தது. மறுநாள் காலை முதல் வேலையாக அதைப் புதிய அணுக்களில் புகுத்தினார். விளக்கு இல்லாததால், இனிமேல் எது எந்தப் பக்கம் போகிறதென்று தெரியாது. பழக்கம் விடுமா? நுண்ணோக்கி முன் உட்கார்ந்து, வெறும் இருட்டைப் பார்த்துக் கெஞ்சினார்: “அண்ணே, மனசுல வெச்சுக்காதீங்க. பாத்துப் போங்கண்ணே.” ஒரே ராத்திரியில் ‘டா’ எல்லாம் ‘அண்ணே’ ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை, குப்பைக்கூடையோடு வந்தார் மேடம். அக்கா கொஞ்சம் அணுக்களை வடித்துச் சுழற்றி, கண்ணாடிக் குழாயை நீட்டினார். அடியில் மிளகளவு கறுப்பு.

“என்னம்மா, அழுக்கு ஒட்டியிருக்கு?”

“அழுக்கா? டெலிவரி மேடம், டெலிவரி!”

மேடம் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “அட, கறுத்துப்போச்சே!” என்று கூவினார்.

அக்கா ஓடிப்போய் வளர்ப்புப் பெட்டியின் கதவை மெல்லச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, உதட்டில் விரலை வைத்தார். “மெதுவா மேடம், ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டின அண்ணனுங்க தூங்கறாங்க!”