ரத்தத்தில் வராதது

சிதம்பரத்தில் என் தங்கை குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும் என்பதால் குழந்தையோடு நடுவில் உட்கார்ந்திருந்தவர் என் அண்ணன். பத்தாம் வகுப்பில் என் மகள் அறிவியலில் பள்ளியிலேயே முதலாவதாக வந்ததைச் சொன்னேன்.

அண்ணன் நிமிர்ந்தார். "படிப்பு நம்ம ரத்தத்துலயே ஊறுனதும்மா."

எனக்குச் சுருக்கென்றது. உயிரியல் படிக்கக் கல்லூரிக்குப் போவேன் என்று திட்டக்குடி வீட்டில் நான் அடம்பிடித்தபோது, "நம்ம ரத்தத்துல யாரு படிச்சிருக்கா?" என்று கேட்டவர் இவர்தான். இன்று நான் கடலூரில் உயிரியல் ஆசிரியை. வாயைத் திறந்திருந்தால் சண்டைதான். அதற்குள் ஆசாரி காதில் குத்த, குழந்தை வீலென்று அலறியது.

அதன் கன்னத்தைத் துடைத்தபடி மகள் சொன்னாள்: "தலைமுறை தலைமுறையா காது குத்துறோம் மாமா. ஆனா எந்தக் கொழந்தையும் ஓட்டையோட பொறக்கறதில்ல. காது ஜீன்ல வரும், ஓட்டை வராது. படிப்பும் அப்படித்தான். அம்மா தனக்குத் தானே குத்திக்கிட்டாங்க. எனக்கு அவுங்க குத்துனாங்க."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார்.

திங்கட்கிழமை மரபியல் பாடத்தில் பாடப்புத்தக உதாரணத்தை ஓரம்கட்டிவிட்டுக் காதுகுத்தைச் சொன்னேன். அது யார் சொன்னது என்பதையும் சொன்னேன், இரண்டு முறை.