குதிரைமேல் பொறாமை

“உங்கப்பன் இருக்கானே, அவன் ஒரு திருட்டுப்பய.”

வைக்கோல் பிரியால் குட்டியின் முதுகைத் தேய்த்துக்கொண்டே சேரன் இதைச் சொல்கிறார். தினமும் காலையில் சொல்கிறார். குட்டிக்கு மூன்று வயது. அதன் அப்பன் ஜமீன் செத்து ஒரு வருடம் ஆகிறது. சேரனின் பொறாமை மட்டும் சாகவில்லை.

ஜமீன், சென்னை ரேஸ் மைதானத்தில் ஓடிக் கழித்துவிடப்பட்ட பந்தயக் குதிரை. பட்டுக்கோட்டைத் தேங்காய் வியாபாரி சிங்காரவேலு வண்டிப் பந்தயத்துக்காக அதை வாங்கி வந்தார். முதுகில் ஆளைச் சுமந்தே பழகிய அது, பின்னால் சக்கரம் உருண்டதும் மிரண்டு வாய்க்காலில் பாய்ந்தது. அவருடைய வண்டிக்காரரான சேரன் அதன் பின்னால் தென்னை மட்டைகளைக் கட்டி, கரையோரம் நாற்பது நாள் நடத்தினார். மட்டையின் சரசரப்பு பழகிய பிறகு வெறும் சக்கரம். அப்புறம்தான் வண்டி. ஏழு வருடத்தில் முப்பத்துநான்கு முதல் பரிசு. மைக்கில் கேட்டதெல்லாம் குதிரை பெயரும் முதலாளி பெயரும்தான்.

“வண்டி என்ன தானா ஓடுச்சா?” என்று என்னிடம் கேட்டார். “பேராவூரணி ரோட்டுல கடையாணி கழண்டு நானும் குதிரையும் சேர்ந்துதான் விழுந்தோம். அதுக்கு டாக்டர் கார்ல வந்தாரு. நான் முட்டியப் புடிச்சிக்கிட்டு டவுன் பஸ்ல போனேன். கொசுவலைங்க அதுக்கு! நான் பக்கத்துலயே படுத்துக் கடி வாங்குனேன்.”

“செத்த குதிரையோட சக்களத்திச் சண்டை போடுற ஒரே ஆம்பள எங்க வீட்லதாங்க இருக்காரு” என்றார் மனைவி மதிவதனி.

“நீ சும்மா இரு. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப எவனாவது முட்டை குடுத்தானா?”

“ஏன், நான் குடுக்கல?”

“நீ குடுத்தது ஒண்ணு. அவன் தின்னது தினம் ஆறு.”

முதலாளியின் தோப்பு முகப்பில் ஜமீனுக்குக் கருங்கல் நட்டிருக்கிறார்கள். குதிரையின் படம், பரிசு வாங்கிய ஊர்கள், சிங்காரவேலு, அவருடைய மூன்று மகன்கள் எல்லாம் அதில் உண்டு. கல் வருமுன்பே விளக்கு வந்துவிட்டது. வெளிநாட்டு விசாவுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் கயிறு கட்டுகிறார்கள். ஒரு குதிரையைச் சாமியாக்க இந்த ஊருக்கு ஆறு மாதம் போதும். அதை ஓட்டியவனை ஆளாக மதிக்கத்தான் முப்பத்துநான்கு வெற்றி போதவில்லை. சேரன் கேட்டது ஒரே வரி: ‘சாரதி சேரன்’.

“சாமி கல்லுல வண்டிக்காரன் பேரு எதுக்குடா?” என்றார் சிங்காரவேலு.

திறப்பு விழாவன்று நானும் போயிருந்தேன். கல்லுக்கு முன்னால் குட்டியை நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். சேரன்தான் பிடித்திருந்தார்.

“அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க. நீங்களும் படத்துல விழுறீங்க” என்றார் போட்டோக்காரர்.

சேரன் கயிற்றைச் சின்ன முதலாளியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். குட்டி பின்னங்கால்களில் எழும்பி விளக்கைத் தட்டிவிட்டது. அடுத்த மகன் பிடித்தார். அவரை மாலையோடு இழுத்துக்கொண்டு சேரன் நின்ற பக்கமே வந்தது. கூட்டம் சிரித்தது.

“டேய் சேரா, நீயே வந்து பிடிச்சித் தொலை!” என்று கத்தினார் சிங்காரவேலு.

சேரன் போய்ப் பிடித்தார். குட்டி அசையாமல் நின்றது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பிறகு, கேமராவை நேராகப் பார்த்தார்.