பெட்டியை நம்பாத மெட்டில்டா

முன்பக்கத்தை மெட்டில்டா பார்ப்பதே இல்லை. வைஃபை அடாப்டர் பெட்டியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் பொடி எழுத்துச் சீட்டைச் செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறார். பிறகு என்னைப் பார்க்கிறார். அந்தக் கணினிக் கடையில் பிரிண்டரைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்த எனக்கே, ஏதோ களவாணித்தனம் செய்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

"வெர்ஷன் எங்க அண்ணாச்சி போட்டிருக்கு?"

"எந்த வெர்ஷனா இருந்தா என்ன? எல்லாத்துலயும் ஓடும்" என்றார் கடைக்காரர் வன்னியபெருமாள்.

"போன தடவயும் இப்படித்தான் சொன்னிய. அதே பேரு, அதே படம். உள்ள சிப்ப மாத்திப் போட்டிருக்கான்."

மெட்டில்டா முத்தையாபுரத்துக்காரர், வயது நாற்பத்தைந்து இருக்கும். கேஸ் சிலிண்டர் வந்தால்கூட வீட்டுத் தராசில் நிறுத்த பிறகுதான் கையெழுத்துப் போடுவாராம். கணினியை இயக்க லினக்ஸ் மென்பொருள்தான் வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன்.

"அதுல என்ன நடக்குன்னு யாரு வேணும்னாலும் தொறந்து பாத்துக்கிடலாம். மத்தவன்லாம் மூடித்தான வச்சிருக்கான். என்னத்துக்கு மூடுதான்?"

நானும் என் பிரிண்டரை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

கப்பல் சரக்குக் காகிதங்களை வீட்டிலிருந்தே சரிபார்க்கிற வேலை அவருக்கு. வீட்டுக்குள் செல்போன் சிக்னல் எட்டாது. சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கும் நாத்தனார் வீட்டு வைஃபைதான் கதி. அதைப் பிடிக்க மடிக்கணினியில் செருகும் தனி அடாப்டர் வேண்டும். முதலில் வாங்கிய அடாப்டரை லினக்ஸ் கண்டுகொள்ளவே இல்லை. அடுத்தது, அப்டேட் வரும்போதெல்லாம் செத்துப்போனது. அலுவலகக் கூட்டத்தின் நடுவில் இரண்டு முறை லைன் அறுந்துவிட்டது. இன்னொரு முறை அறுந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அந்தச் சம்பளத்தில்தான் மகள் பெனிஷா நர்சிங் படிக்கிறாள்.

"சொருகிப் பாக்காம நான் எடுக்க மாட்டேன்."

அண்ணாச்சி முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைப் பிரித்தார். மெட்டில்டா அடாப்டரைத் தன் மடிக்கணினியில் செருகி, கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினார். சிப்பின் எண் வந்தது. நோட்டில் எழுதிக் கொண்டுவந்த எண்ணோடு விரல் வைத்து ஒத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. கடையின் வைஃபையும் இணைந்தது.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அவருக்கு இல்லை. கணினியை அணைத்துப் போட்டார். மறுபடியும் அணைத்துப் போட்டார். அதுவும் போதாமல் மேலாளரையே வீடியோவில் அழைத்துப் பத்து நிமிடம் பேசினார். ஒரு முறைகூட அறுபடவில்லை.

"இப்பவாவது நம்புதியாம்மா? குடு, பெட்டியில வச்சித் தாரேன்" என்று அண்ணாச்சி கை நீட்டினார்.

மெட்டில்டா கொடுக்கவில்லை. பணத்தை மேசைமேல் வைத்தார். செருகியது செருகியபடியே, திறந்த மடிக்கணினியை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு போய் முத்தையாபுரம் பஸ்ஸில் ஏறினார்.