கிடையாது என்று எழுதினேன்

மானுடவியல் படித்தவள் என்றால் மண்டை ஓட்டை அளப்பவள் என்று என் உறவுக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதை அளந்திருந்தால்கூட இவ்வளவு கேடு வந்திருக்காது. ஒரு குடும்பம் உண்மையிலேயே பழங்குடியா என்று நேரில் பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. அதை வைத்துத்தான் சாதிச் சான்றிதழ் நிற்கும், அல்லது போகும்.

ஜமுனாமரத்தூரிலிருந்து டூவீலரில் முக்கால் மணி நேரம் உள்ளே போய் ஒரு வீட்டில் விசாரித்தேன். அந்த வீட்டுப் பெண்ணுக்கு நர்சிங் சீட் கிடைத்திருந்தது. தாத்தா காலத்தில் படவேட்டுப் பக்கம் கரும்பு வெட்ட இறங்கி, பல வருஷம் கழித்து மறுபடி மலையேறிய குடும்பம் என்பதால் மேலதிகாரிகளில் யாருக்கோ சந்தேகம். சான்றிதழ் உறுதியானால்தான் சீட்.

அவளுடைய அம்மாதான் பதில் சொன்னார். நான் வருவது தெரிந்து, அன்று சாமை வடிக்காமல் கடையில் பொன்னி அரிசி வாங்கிச் சமைத்திருந்தார். உணவு அரிசி என்று குறித்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு ஐயர் வருவாரா என்றேன். வருவார் என்றார். கடைசியாக, புருஷனை விட்டு வந்தவள் வேறொருவரைக் கட்டிக்கொள்வது உண்டா என்று கேட்டேன். இந்த மலையில் அது காலங்காலமாக நடப்பது. ஊர்ப் பெரியவர்கள் ஒத்துக்கொண்டால் முடிந்தது, யாரும் குறைவாகப் பேசுவதில்லை.

"எங்கள்ல அதெல்லாம் கிடையாதுங்க," என்றார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கிடையாது என்று எழுதினேன். மலை வழக்கம் எதுவும் இல்லை, இவர்கள் பழங்குடி இல்லை என்று கண்டுபிடித்துவிட்டோம் என்ற திருப்திகூட எனக்கு இருந்தது. மகள் ஏன் குனிந்தாள் என்று கேட்கத் தோன்றவில்லை. அறிக்கை போனது, சான்றிதழ் ரத்தானது, சீட்டும் போனது.

சில மாதம் கழித்து ஜமுனாமரத்தூர் சந்தையில் புளி விற்க வந்திருந்த அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நானே ரெண்டாவது கட்டிக்கினவதாங்க," என்றார். "கீழேர்ந்து வந்த படிச்சவங்க, எங்கள இன்னான்னு நெனப்பீங்களோன்னு பயந்துட்டேன். நல்ல குடும்பம்னு எழுதுவீங்கன்னு பாத்தேன்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மறுநாளே அலுவலகத்துக்குப் போய் அறிக்கையைத் திருத்தித் தருகிறேன் என்றேன். சொன்னதை மாற்றிச் சொல்வதே சந்தேகத்துக்கு ஆதாரம் என்று அதிகாரி சிரித்தார். வேறு குடும்பங்களுக்கு நானே அந்த வரியை எழுதியிருக்கிறேன். அதனால் என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. வேண்டுமானால் அவர்கள் கோர்ட்டுக்குப் போகட்டும் என்றார். புளி விற்கிறவர்கள் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்கள்?

இந்த வருஷம் படவேட்டில் ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தேன். புடவை எடுத்துப் போட வந்தவள் அந்த மகள். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். முகம் மாறவில்லை. முதலாளி அந்தப் பக்கம் நகர்ந்ததும் மெல்லப் பேசினாள்.

"எங்கம்மா இன்னும் அழுவுதுங்க. தன் வாயாலதான் என் படிப்பு போச்சுன்னு சொல்லிச் சொல்லி அழுவுது. நீங்க ஒரு தபா வூட்டுக்கு வந்து, அப்டி இல்லன்னு சொல்லிட்டுப் போங்க."

வருகிறேன் என்றேன். ஏழு மாதம் ஆகிறது, போகவில்லை. தப்பு தன்னுடையது என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டிருப்பது எனக்கு வசதியாக இருக்கிறது.