உடம்புத் துருவுக்கு ஒரு டப்பா

என் அக்காவின் கணவர் இருபத்தாறு வருஷம் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் துரு சுரண்டியவர். தகட்டைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, சிவப்பு பிரைமர் அடிப்பது வேலை. அதில் அவர் கெட்டிக்காரர்தான். வெல்டர் பற்றவைத்து முடிப்பதற்குள் யாராவது இணைப்பில் பிரைமர் தடவிவிட்டால் பட்டறையே அதிரக் கத்துவார். பெயின்ட் பட்ட இடத்தில் பற்றவைத்தால் ஒட்டு நிற்காதாம். ஆனால் இரும்பைத் தெரிந்தவருக்கு உலகமே தெரியும் என்று யார் அவரிடம் சொன்னார்களோ, அந்தப் புண்ணியவானைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வு பெற்ற மறுமாதம் ஏதோ ஹோட்டல் ஹாலில் கூட்டம் என்று போய்வந்தார். மேடையில் கோட்டு போட்ட ஒருவன் ஆப்பிளை நறுக்கி வைத்தானாம். அது பழுப்பேறியதைக் காட்டி, உங்கள் உடம்பும் உள்ளே இப்படித்தான் துருப்பிடிக்கிறது என்றானாம். துரு என்று காதில் விழுந்ததும் அத்தானுக்குப் புல்லரித்துவிட்டது. அவன் விற்ற கேப்சூல் டப்பாக்களைத் தானும் விற்பதாக ஒரு பெட்டி நிறைய வாங்கிக்கொண்டு, நேராக என் அச்சகத்துக்கு வந்து நின்றார்.

"மாப்ளே, ஃப்ரீ ராடிகல்னு ஒண்ணு இருக்கு. நாம மூச்சு விடுறதுலயே உண்டாகுது. அக்கம்பக்கத்துல இருக்கிற செல்லையெல்லாம் அரிச்சு வைக்குது. அதை அடக்குறதுதான் ஆன்டிஆக்சிடன்ட். அப்படியே நம்ம பிரைமர் மாதிரி!"

இதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் வினை. பள்ளிக்கூட அறிவியல் கையேடு அச்சடித்தபோது பிழை திருத்திய வகையில் மீதிப் பாதி எனக்குத் தெரியும். அந்த அரிக்கிற சரக்கை வைத்துத்தான் நம் உடம்பு கிருமிகளைக் கொல்கிறது. அது அளவு மீறாமல் பார்த்துக்கொள்ளவும் உடம்பே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. காயும் பழமும் ஒழுங்காகத் தின்றால் அதற்குப் போதும். இதையெல்லாம் கோட்டுக்காரன் சொல்லவில்லை. சொன்னால் டப்பா விற்குமா?

'உடம்புத் துருவுக்கு ஒரே மருந்து' என்று ஐயாயிரம் நோட்டீஸ் கேட்டார் அத்தான். வாய்க்குள் சிரித்துக்கொண்டே அடித்துக் கொடுத்தேன். அவர் தலையைக் கண்டாலே தெருவில் ஆட்கள் எதிர்ப்பக்கம் மாறிப் போனார்கள். முடிவெட்டுகிறவர் மட்டும் ஒரு டப்பா வாங்கினார், அதுவும் வழுக்கையில் முடி முளைக்குமா என்று கேட்டுக்கொண்டு. மிச்ச நோட்டீஸெல்லாம் அவர் வீட்டுக் கட்டிலடியில் போய்ச் சேர்ந்தது.

என் அக்காவுக்கு பஸ் நிலையத்தில் அறிவிப்பு செய்யும் வேலை. ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும். அந்தக் குரல் இரண்டு மாதமாகக் கரகரத்தது. சளி என்று நினைத்தோம். ஆஸ்பத்திரியில் குரல் நாணில் புற்றுநோய்க் கட்டி என்றார்கள்.

"ஆரம்பநிலைதான், பயப்படாதீங்க" என்றார் டாக்டரம்மா. "ஆறு வாரம் ரேடியேஷன் குடுத்தா குரலைக் காப்பாத்திடலாம். கட்டி கரையலைன்னாதான் குரல்வளையையே எடுக்க வேண்டி வரும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. நாங்க எழுதாத மாத்திரை எதுவும் கூடாது."

அத்தான் பயபக்தியோடு தலையாட்டினார். மாத்திரை என்றால் அவருக்கு மருந்துக்கடையில் விற்பது. இவருடைய சரக்கு மாத்திரையே இல்லை, கோட்டிங். ரேடியேஷனில் தொண்டை வெந்துபோய் அக்கா பால் மட்டும்தான் விழுங்கினாள். அந்தப் பாலில் கேப்சூலைப் பிரித்துக் கொட்டிக் கலக்கினார், காலையில் நாலு, மாலையில் நாலு. நாக்கில் ருசியே செத்துப்போயிருந்ததால் அவளுக்கும் தெரியவில்லை.

நாலாவது வாரம் டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "இந்நேரம் நல்லா சுருங்கியிருக்கணுமே. வீட்டுல வேற ஏதாவது குடுக்கறீங்களா?"

அத்தான் பையிலிருந்து டப்பாவை எடுத்து, பரிசு வாங்கின பிள்ளை மாதிரி மேஜைமேல் வைத்தார். "ஆன்டிஆக்சிடன்ட் டாக்டர். ஒருவேளைகூட விடலை."

டாக்டரம்மா லேபிளை முழுக்கப் படித்தார். "ரேடியேஷன் கட்டியை எப்படிக் கொல்லுதுன்னு நினைச்சீங்க? அதுக்குள்ள ஃப்ரீ ராடிகலை உண்டாக்கித்தான் கொல்லுது. இவ்வளவு டோஸ்ல இதைக் குடுத்தா, அது கட்டியையும் சேர்த்துக் காப்பாத்தலாம்."

"நல்லதுதானே டாக்டர் குடுத்தேன்?" என்றார் இந்த மனுஷன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அத்தான், வெல்டர் பத்தவைக்கிறதுக்கு முன்னாடியே ஒருத்தன் பிரைமர் அடிச்சா என்ன ஆகும்?"

அவர் வாயைத் திறந்தார். சட்டென்று முகம் வெளுத்தது. "ஒட்டாது" என்றார்.

அன்றே நிறுத்தினோம். மிச்ச இரண்டு வாரமும் போயிற்று, கட்டி போகவில்லை. கோட்டுக்காரனுக்குப் போன் போட்டேன். "டோஸ் பத்தலை சார், இன்னும் கூட்டியிருக்கணும்" என்றான். அவன் பரம்பரையையே இழுத்து வைது போனை வைத்தேன். டாக்டரம்மா மட்டும் நேர்மையாகப் பேசினார். "இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இது இல்லைன்னும் சொல்ல முடியாது."

குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

அத்தானை முட்டாள் என்று நூறு தடவை சொல்லலாம். நான் மட்டும் என்ன யோக்கியம்? அவருக்குத் தெரியாது, செய்தார். எனக்குத் தெரியும், அச்சடித்தேன். எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று சிவப்பு மையை நானேதான் தேர்ந்தெடுத்தேன்.

காயம் ஆறி அக்கா வீட்டுக்கு வந்த அன்று, எழுதிப் பேசுவதற்கென்று புது நோட்டுப் புத்தகம் ஒன்று கொண்டுபோனேன். அதை அவள் தொடவில்லை. குனிந்து கட்டிலடியிலிருந்து நோட்டீஸ் கட்டை இழுத்தாள். ஒன்றை உருவி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே திருப்பிப் போட்டாள். வெள்ளைப் பக்கத்தில் எழுதி அத்தானிடம் நீட்டினாள்.

"பால் வேணும். வெறும் பால்."

அத்தான் அதை வாங்கிப் படித்தார். பிறகு அடுப்படிக்குப் போனார். அந்த நோட்டீஸ் கட்டுக்குள் இன்னும் நாலாயிரத்துச் சொச்சம் தாள் இருக்கிறது. அக்கா நிறையப் பேசுகிறவள்.