தேடலில் வராத பல்

சுபைதா இத்தாவில் இருந்தாள், கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் காலம். கணவர் ஜெமீல் மௌத்தாகி இரண்டாம் மாதம். வெளி ஆண்கள் வந்தால் கதவுத் திரைக்கு அப்பால் நின்றுதான் பேச்சு. அன்று திரைக்கு வெளியே கதிரையில் இருந்தவன் றிஸ்வி, மீன் ஆய்வுகூடத்தில் அவளோடு வேலை செய்பவன்.

"ராத்தா, உங்கட கிளிமீன் பதிவெல்லாம் பிழை எண்டு காட்டுது. தொண்டைப் பல் எண்ட சொல்லே தேடலில இல்ல. இந்தக் கிழமைக்குள்ள திருத்தாட்டி எல்லாத்தையும் கழிச்சுப் போடுவாங்க."

மீனின் ஒவ்வோர் உறுப்புக்கும் உலக ஆய்வாளர்கள் பொதுவாக ஒரு சொல்லும் எண்ணும் வைத்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்துச் சரியான எண்ணைப் பொருத்துவது சுபைதாவின் வேலை. அந்தக் கிளிமீன்கள் ஜெமீல் துறைமுக வாய்க்கு வெளியே பாறைகளில் பிடித்தவை. தலைகளை அவளுக்கென்று எடுத்து வைப்பார். பதிவுகளில், பிடித்தவர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது.

மகள் ஜெஸ்மின் மடிகணினியைக் கொண்டுவந்து வைத்தாள். கொழும்பில் மென்பொருள் வேலை. வாப்பாவின் அடக்கத்துக்கு வந்தவள் இன்னும் திரும்பிப் போகவில்லை.

சுபைதா தேடினாள். ஒன்றும் வரவில்லை. வழக்கொழிந்த சொற்களையும் காட்டும்படி அமைப்பை மாற்றித் திரும்பத் தேடினாள். தொண்டைப் பல் வந்தது, குறுக்கே ஒரு கோட்டுடன்.

"சொல் இருக்கு றிஸ்வி. ஒதுக்கி வச்சிருக்கிறாங்க. பழைய பதிவுகளில எண் இருக்கிறதால அழிக்கமாட்டாங்க, தேடலில மறைச்சிருவாங்க."

"பதிலுக்கு என்ன போடட்டாம்?"

"மேல் தொண்டைப் பல், கீழ்த் தொண்டைப் பல். ரெண்டில ஒண்டு, பார்த்துப் போடட்டாம்."

"எல்லாத்துக்கும் கீழ் எண்டே போடுவம் ராத்தா. மீன் வந்து கேஸ் போடவா போகுது?"

"நீ பேசாம இரி."

படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். கிளிமீனுக்குத் தொண்டையின் மேற்புறம் இரண்டு எலும்பு, கீழ்ப்புறம் ஒன்று. எலும்பு தெரிந்த படங்கள் சிரமமில்லாமல் முடிந்தன. ஒன்று மட்டும் மிஞ்சியது. ஜெமீல் கடைசியாகக் கொண்டுவந்த மீன். படத்தில் உதிர்ந்த பற்கள்தான் கிடந்தன. அன்று அவளுக்குக் காய்ச்சல். அவரே குசினியில் வைத்துப் பற்களைப் பிரித்தெடுத்தார்.

"வாப்பா ஏதும் சொன்னவரா உம்மா, எந்தப் பக்கம் எண்டு?"

"நான் கேக்கல்ல மகள். பிறகு ஆறுதலாக் கேக்கலாம் எண்டு இருந்தன்."

ஜெஸ்மின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

றிஸ்வி தணிந்த குரலில் சொன்னான். "கீழ் எண்டு போட்டா ஆருக்கும் தெரியாது ராத்தா. பதிவு நிக்கும். ஜெமீல் நானாட பேரும் நிக்கும்."

அவளுக்கு வேண்டியதும் அதுதான். விரல் அந்தச் சொல்லின் மேல் போய் நின்றது. அழுத்தவில்லை. இரண்டு சொற்களுக்கும் மேலே இருந்த பொதுச் சொல்லைத் தேடி எடுத்தாள்.

"பல் எண்டு மட்டும் போடுறன்."

"பல்லா? அது எல்லா மீனுக்கும்தானே இருக்கு. ஆய்வுக்கு என்னத்துக்கு உதவும்?"

"பெரிசா உதவாதுதான். ஆனா தெரிஞ்சது அவ்வளவுதான். பதிவும் கழியாது."

எந்தப் பக்கம் என்று தெரியவில்லை என்று குறிப்பில் எழுதிச் சேமித்தாள். பிழைக்குறி மறைந்தது. பிடித்தவர் ஜெமீல் என்று அடியில் இருந்தது. ஜெஸ்மின் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுபைதா கணினியை மூடாமல் விட்டாள்.